திரும்பி வராத கோஷம்

கோஷம் போடுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. சங்கத்தில் யாரும் இப்படி ஒரு விதி எழுதி வைக்கவில்லை. ஆனால் முனிரத்தினம் முதல் கேட் மீட்டிங்கிலிருந்து அப்படித்தான் செய்து வந்தார். முகம் கேட்டைப் பார்த்து, முதுகு ஆட்களைப் பார்த்து. கண் எதிரே இருப்பவனுக்கு. பின்னால் இருப்பவர்கள் இருக்கிறார்களா, நழுவிவிட்டார்களா என்பதைக் காது சொல்லிவிடும்.

அந்தப் புதன்கிழமை, ஆயுத பூஜைக்குப் பிறகு போட்ட முதல் மீட்டிங்கில், காது ஒன்றும் சொல்லவில்லை.

"கூண்டு போடு, கூண்டு போடு!" என்று கையை உயர்த்தினார்.

பதில் இல்லை. மண்டைக்குள் தன் குரல் மட்டும் அதிர்ந்து அடங்கியது.

"பிரஸ் மெஷினுக்குக் கூண்டு போடு!"

ஒரு காக்கை கத்தியது. ஹைவேயில் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டன. ஆக, காது கேட்க மாட்டியிருக்கும் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆட்கள்தான் சரியில்லை.

"காதைத் தின்னும் கம்பெனியே!" என்று அடுத்த வரிக்குப் போனார். நெஞ்சுக்கூட்டில் ஏதோ லேசாக அதிர்ந்தது. லாரி என்று நினைத்தார். எதிரே ஆபீஸ் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் யாரோ ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்கள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது, ஏசி போடுகிறார்கள் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

கேட்டதெல்லாம் கூண்டுதான். கார்க் கதவு அடிக்கும் பிரஸ் மெஷின்களைச் சுற்றிச் சத்தம் வெளியே வராத சுவர். ஒவ்வொரு அடிக்கும் தரை குதிக்கும் அந்த ஷெட்டில் சில வருடம் நின்றால் காது போகும். பஞ்சு வைத்தாலும் போகும், கம்பெனி கொடுத்த அடைப்பான் வைத்தாலும் போகும். கூண்டு போட்டால் மெஷின்களை நிறுத்த வேண்டும், உற்பத்தி நிற்கும். அதனால் கம்பெனி வேறு வழி கண்டுபிடித்தது. காது போனவர்களுக்கெல்லாம் மெஷின் கொடுத்தது. பிரஸ் ஷாப்பில் நிரந்தர ஆட்கள் அத்தனை பேர் காதிலும் இப்போது அது இருக்கிறது. உள்ளே வேலை செய்யும்போது அடைப்பான், வெளியே வந்தால் மெஷின்.

கடைசியில் சங்கச் செயலாளர் ஞானசிகாமணி மெகாபோனை வாங்கினார். ஓட்டெடுப்பு. இந்தச் சங்கத்தில் கை தூக்கும் வழக்கம் கிடையாது. கேட்டுக்கு மேலே கேமரா இருக்கிறது, தூக்கின கை யாருடையது என்று அது சொல்லிவிடும். அதனால் எல்லோரும் கண்ணுக்குக் கீழே கர்சீப் கட்டிக்கொண்டு வருவார்கள், வாயால் மட்டும் ஓட்டுப் போடுவார்கள். செயலாளர் கேட்பார், கூட்டம் ஒரே குரலில் பதில் சொல்லும். குரலைப் படம் பிடிக்க முடியாது.

"வெள்ளிக்கிழமை பேச்சுவார்த்தையில கூண்டு இல்லன்னா வேலைநிறுத்தம். சம்மதமா?" என்றார் ஞானசிகாமணி.

காக்கை மறுபடி கத்தியது.

"சம்மதமா?"

அவர் மெகாபோனைக் கீழே இறக்கியதை முனிரத்தினம் ஓரக்கண்ணால் பார்த்தார். அப்போதும் திரும்பவில்லை.

*

டீக்கடையில் சண்டை வந்தது.

"நீங்கள்லாம் சோறுதான் துன்றீங்களா?" என்று முனிரத்தினம் ஆரம்பித்தார். "வாயில இன்னா கொழுக்கட்டையா? நான் ஒருத்தன் அங்க நாய் மாதிரி கத்திக்கினு கீறேன்."

"யோவ், நான் கத்தினேன்யா," என்றான் வெல்டிங்கிலிருந்து பிரஸ்ஸுக்கு வந்த குப்புசாமி. "பாரு, தொண்ட கட்டிக்கிச்சி. என் பக்கத்துல நின்னானே இந்த அன்பழகன், இவந்தான் வாயத் தொறக்கல."

"யாரு, நானா? டேய், என் கொழந்த மேல சத்தியமா நான் கத்தினேன். ஒங்க யார் சத்தமும் எனக்குக் கேக்கல. நான் மட்டும் தனியா கத்தறனேன்னு வெக்கமாப் பூடுச்சி, அப்பறம்தான் நிறுத்தினேன்."

"நானும் அப்படித்தான்," என்றார் இன்னொருவர்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். நான் கத்தினேன், மற்றவன் கத்தவில்லை. ஞானசிகாமணி டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "எல்லாரும் கத்துனீங்க, ஒருத்தரும் கத்தல. நல்லாகீதுபா கணக்கு."

டீ மாஸ்டர் பாய்லருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "இன்னா சவுண்டுண்ணே இன்னிக்கி! பால் பொங்கனதே எனக்குக் கேக்கல, பாதி கீழ ஊத்திக்கிச்சி."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முனிரத்தினம் எழுந்து போய் பிஸ்கட் ஜாடியின் மூடியைத் தட்டினார். "நக்கலா ஒனக்கு?"

"ஐயோ, நான் இன்னாண்ணே சொன்னேன்?"

"காது போனவன்னா நக்கலா?"

குப்புசாமி நடுவில் வந்து பிடித்துக்கொள்ளவில்லை என்றால் அடி விழுந்திருக்கும். டீக்குக் காசு வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். வண்டியை எடுக்கும்போது ஞானசிகாமணி சொன்னார்: "முனி, ஆளுங்க இல்லாம வேலைநிறுத்தம்னு சொல்லிட்டு உள்ள போயி உக்கார முடியாது. அவன் சிரிப்பான். வெள்ளிக்கிழம கெடைக்கறத வாங்கிக்கலாம்."

"கூண்டு?"

"கூண்டு வோணும்னு எவன் கேட்டான்? நீ ஒருத்தன் கேட்ட."

*

மகள் வெண்மதி வியாழக்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்தாள். பொங்கலுக்குப் பிறகு அதே கம்பெனியில், அதே பிரஸ் லைனில் டிரெய்னியாகச் சேர்ந்தவள். முனிரத்தினம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அவருக்குக் கூண்டு என்பது இனி தனக்காக இல்லை. தன் காது போனது போனதுதான்.

"நேத்து எதுக்குப்பா அவ்ளோ சீக்கிரம் முடிச்சிட்டீங்க?" என்றாள். டிரெய்னிகள் கேட் மீட்டிங்குக்கு வரக் கூடாது. வந்தால் நிரந்தரம் ஆகாது. "உள்ள கேன்டீன்ல நாங்க பேசிக்கறதே கேக்கல. சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்கணுமே."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"இன்னா?"

"ஆறுதல் சொல்றியா எனக்கு? ஒருத்தனும் வாயத் தொறக்கலன்னு எனக்குத் தெரியும்."

வெண்மதி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். கேன்டீன் ஜன்னலிலிருந்து எடுத்த படம். கேட், அதற்கு அப்பால் கையை உயர்த்தி நிற்கும் அப்பா, அவருக்குப் பின்னால் கர்சீப் கட்டிய கூட்டம். சத்தத்தை முழுவதும் கூட்டி அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

கூண்டு போடு, கூண்டு போடு, என்றது அவருடைய குரல். பிறகு அமைதி. கேன்டீனில் ஒரு தட்டு விழுந்தது, அது கேட்டது. பிரஸ் மெஷினுக்குக் கூண்டு போடு, என்றது குரல். அமைதி.

"பாத்தியா?" என்றார்.

"இன்னாப்பா பாத்தியா? கேக்கல ஒங்களுக்கு?"

"எது?"

வெண்மதி படத்தை மறுபடி ஓட்டி விரலால் பெரிதாக்கினாள். அவர் முதன்முறையாகத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் அத்தனை கர்சீப்பும் ஒன்றாக உப்பி ஒன்றாக ஒட்டின. கழுத்து நரம்புகள் தெரிந்தன. குப்புசாமி கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

முனிரத்தினம் வலது காது மெஷினைக் கழற்றினார். போனை வெறும் காதில் வைத்து அழுத்தினார். அடி ஆழத்தில், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல, ஒரு உறுமல் வந்தது. மெஷினை மாட்டினார். உறுமல் இல்லை. கழற்றினார். இருந்தது.

"அப்பா, வுடுங்க. பேட்டரி கிட்டரி..." என்றாள் வெண்மதி.

"தட்டு வுழுந்தது கேட்டுச்சும்மா," என்றார் அவர். "தட்டு கேக்குது. காக்கா கேக்குது. ஆளுங்கதான் கேக்கல."

*

காது மெஷின்களைப் பார்த்துக்கொள்ள பர்வீன் வெள்ளிக்கிழமைகளில் கம்பெனி கிளினிக்குக்கு வருவாள். மெஷின் செய்யும் நிறுவனத்தின் ஆள். முனிரத்தினம் அவளுக்கு முன்பே வந்து கதவருகே நின்றார். படத்தைக் காட்டினார். அவள் ஒருமுறை பார்த்தாள், அவருடைய மெஷினைத் தன் காதில் வைத்து இன்னொருமுறை பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணா, பழைய மெஷின் ஞாபகம் இருக்கா?"

"கீச்சுனு கத்துமே. ஹெல்மெட் போட்டா கத்தும், தலகாணில சாஞ்சா கத்தும். என் பொண்டாட்டி பக்கத்துலயே வர மாட்டா."

"கோயில் திருவிழாவுல மைக்க ஸ்பீக்கர் கிட்ட கொண்டு போனா ஒரு கத்து கத்தும்ல, அதுதான். மெஷின் காதுக்குள்ள விடற சத்தம் வெளிய கசிஞ்சு மறுபடி மைக்குக்கே வரும். அது பெருசாகும், மறுபடி வரும். சுத்திக்கிட்டே இருக்கும். அத நிறுத்தணும்னா மெஷினுக்கு ஒண்ணு தெரியணும். நாம வெளிய விட்டது எது, புதுசா வர்றது எதுன்னு. தான் விட்டது திரும்பி வந்தா அழிச்சிடும்."

"சரி."

"ஒரு ஆளுக்கு அது போதும். உங்க ஷாப்ல அத்தன பேர் பக்கத்து பக்கத்துல நிக்கறீங்க. ஒருத்தர் மெஷின் கசியறது பக்கத்து ஆள் மெஷினுக்குள்ள போகுது. அங்கிருந்து இங்க வருது. ஆயுத பூஜைக்கு லைன் நிறுத்தினப்ப மெஷின்ல புதுசா ஒரு சாப்ட்வேர் ஏத்தினோமே, அதுக்கப்புறம் உங்க எல்லார் மெஷினும் சேர்ந்து ஒரே மெஷின் மாதிரி. யார் காது எத விட்டுதுன்னு எல்லாத்துக்கும் தெரியும். விட்டது சில நொடிக்குள்ள திரும்பி வந்தா, எங்கிருந்து வந்தாலும் அழிக்கும். அதுக்கப்புறம் ஒரு விசில் கூட வரல, பாத்தீங்களா?"

"வரல."

"அதுக்கு எங்காளுங்களுக்குப் பரிசெல்லாம் குடுத்தாங்க." பர்வீன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தாள். "நீங்க ஒரு வரி சொன்னீங்க. அது அத்தன மெஷின் வழியாவும் போச்சு. அதே வரி, அதே தாளத்துல, எல்லாப் பக்கமிருந்தும் திரும்பி வந்துச்சு. மெஷின் என்ன நெனைக்கும்? தான் விட்டதே திரும்பி வருதுன்னு நெனைக்கும். யார் குரல்னெல்லாம் அது பாக்காது. அளவெடுத்து செஞ்ச அச்சு காதை முழுசா அடைச்சிருக்கு, அது உள்ள விட்டாத்தான் சத்தம். அவங்கவங்க குரல் மட்டும் எலும்பு வழியாக் கேக்கும்."

முனிரத்தினத்துக்கு டீக்கடை பெஞ்சு ஞாபகம் வந்தது. நான் கத்தினேன், மற்றவன் கத்தவில்லை.

"வேணும்னே பண்ணாங்களா?"

"இல்லண்ணா. வேணும்னே பண்ணியிருந்தாக்கூட யார்கிட்டயாவது சண்டைக்குப் போகலாம். எவனோ ஏசி ரூம்ல உக்காந்து விசில எடுத்தான். ஒரே சொல்ல ஒரே நேரத்துல ஊரே சேர்ந்து சொல்லுமான்னு அவனுக்குத் தோணல. அவன் கோஷம் போட்டிருக்கவே மாட்டான்."

"இப்ப மாத்து."

"முடியாது. மெஷினுக்குள்ள இருக்கற பூட்டு எங்க கம்பெனி கையில. நான் புகார் போடறேன், பதில் வரும்."

"கழட்டிட்டு நின்னா?"

"நீங்க எடுத்துக் குடுக்கறது அவங்களுக்குக் கேக்காது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆளுக்கொரு வரியா வேற வேற கத்தினா மெஷின் விடும்."

"அதுக்குப் பேரு சந்த, மேடம். கோஷம் இல்ல." எழுந்துவிட்டார். "மணி இன்னா? பேச்சுவார்த்த ஆரம்பிச்சிருக்கும்."

*

மீட்டிங் ரூமுக்குள் போகிறவர்கள் போனை வெளியே பெட்டியில் போட வேண்டும். ஞானசிகாமணியின் போன் அந்தப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்தது முனிரத்தினம்தான். வாசலில் செக்யூரிட்டி தடுத்தான். அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மேசையில் சமோசா இருந்தது. ஞானசிகாமணி பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"சிகாமணி, கையெழுத்துப் போடாத. ஆளுங்க கத்தினாங்க. அத்தன பேரும் கத்தினாங்க. மெஷின்தான்..."

"போட்டாச்சிபா," என்றார் ஞானசிகாமணி. "வருஷா வருஷம் புது மெஷின். டிரெய்னி பசங்களுக்கும் காது போறதுக்கு முன்னாடியே அளவெடுத்துக் குடுக்கறாங்களாம். கூண்டு இல்ல."

மேசைக்கு அந்தப் பக்கம் ஹெச்.ஆர். மேலாளர் பத்ரிநாத் எழுந்து முனிரத்தினத்திடம் கை நீட்டினார். வேலை முடிந்த சந்தோஷம் அவர் முகத்தில் எண்ணெய் மாதிரி மினுமினுத்தது. "வாங்க முனிரத்தினம். உங்கள மாதிரி ஒரு தொண்டை வேற எங்கயும் பாத்ததில்ல. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல, சொல்லுங்க. புதன்கிழமை அந்தக் கத்து கத்தினீங்க. மேல எம்.டி. ரூம்ல கண்ணாடி அதிருது. ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னார். கேட்டா கூண்டுக்கு ஒத்துக்கிட்டு வா, வேலைநிறுத்தம்னு லைன் நிக்கக் கூடாதுன்னுதான் என்ன அனுப்பினார். நீங்க கேக்கவே இல்லையே?"

ஞானசிகாமணி சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் மெஷின் பச்சையாக ஒருமுறை மினுக்கியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

"கேட்டோம்," என்றார் முனிரத்தினம். "ஒங்களுக்குத்தான் கேட்டிருக்கு."

*

திங்கட்கிழமை டிரெய்னிகளுக்கு அளவெடுக்க பர்வீனைத் தனியாக வரவழைத்தார்கள். வெண்மதியின் காதுக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு பசையைச் செலுத்திவிட்டு, அது இறுகும்வரை பர்வீன் பக்கத்தில் நின்ற முனிரத்தினத்திடம் மெதுவாகப் பேசினாள்.

"டெஸ்ட் பண்ணேன். கீச்சுச் சத்தம் கேக்கறது கொஞ்சம் இறங்கியிருக்கு. இப்ப ஒண்ணும் தெரியாது. இதே இடத்துல நின்னா தெரிய ஆரம்பிக்கும்."

"பொங்கலுக்கு அப்பறம்தான சேந்தா?"

"அதான் சொல்றேன்."

பசை அடைத்த காதோடு வெண்மதி உரக்கக் கேட்டாள்: "இன்னா பேசறீங்க ரெண்டு பேரும்?" அந்த உரத்த குரல் முனிரத்தினத்துக்குப் பழக்கமானது. பிரஸ் ஷாப்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர்.

"புகாருக்குப் பதில் வந்துச்சா?" என்று பர்வீனிடம் கேட்டார்.

அவள் தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கருவி அதன் வரையறைக்குள் சரியாக இயங்குகிறது. பயனாளர்கள் ஒரே வாசகத்தை ஒரே நேரத்தில் உரக்கச் சொல்வதைத் தவிர்க்கவும்.

முனிரத்தினம் அதை இரண்டாவது முறை படிக்கவில்லை.

*

மறுநாளே கேட் மீட்டிங் போட்டார். ஞானசிகாமணி வேண்டாம் என்றார், ஒப்பந்தம் ஆகிவிட்டது, சட்டப்படி இனி வாய் திறக்க முடியாது என்றார். "சட்டத்துக்கும் மெஷின் மாட்டிக்கீதா?" என்று கேட்டுவிட்டு முனிரத்தினம் கிளம்பினார். பாதிப் பேர் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னபோது பாதிப் பேரிலும் பாதி நம்பவில்லை. கத்தாதவர்களுக்கு வக்காலத்து வாங்க முனி ஒரு கதை கட்டுகிறார் என்று அன்பழகனே சொன்னான். படத்தைக் காட்டினார். படத்தில் அவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்காது," என்றார் முனிரத்தினம். "பக்கத்துல கீறவன் கத்தறானா இல்லியான்னு எவனுக்கும் கேக்காது. கேக்கலன்னு நிறுத்தாத. அவ்ளோதான்."

"அப்ப எல்லாரும் கத்தறாங்கன்னு ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?" என்றான் குப்புசாமி. "நீயும் மெஷின்தான மாட்டிக்கினு கீற?"

முனிரத்தினம் கர்சீப்பைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஒருமுறை திரும்பி நின்றுகொண்டே போடலாமா, அந்தத் துணி உப்புவதையாவது பார்க்கலாமா என்று தோன்றியது. பிறகு வழக்கம் போலக் கேட்டைப் பார்த்து நின்றார்.

"கூண்டு போடு, கூண்டு போடு!"

காக்கை கூட இல்லை இன்றைக்கு. தன் குரல் மண்டைக்குள் அதிர்ந்து அடங்கியது. அவ்வளவு பெரிய வெயிலில், அவ்வளவு ஆட்களுக்கு முன்னால், அவர் தனியாக நின்றார். போய்விட்டார்களோ? இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்தார்.

"பிரஸ் மெஷினுக்குக் கூண்டு போடு!"

ஒன்றுமில்லை.

எதிரே, இரண்டாவது மாடியில், இடது ஓரத்து ஜன்னலில் ஒரு கை வந்தது. கண்ணாடியை இழுத்துச் சாத்தியது. முனிரத்தினம் அந்தக் கையையே பார்த்தார்.

"காதைத் தின்னும் கம்பெனியே!"

பக்கத்து ஜன்னலும் சாத்தப்பட்டது. அதற்குப் பக்கத்து ஜன்னலும். மூன்றாவது மாடியில் திறந்திருந்த ஒன்று, அதை யாரோ ஓடிவந்து மூடினார்கள்.

அவர் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினார். வலது ஓரத்தில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அதன்மேல் கண்ணை வைத்துக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னார்.